புயல் போன பிறகு எழுந்து நிற்கும் தூண்டில் கம்பு: ஹாம் ரேடியோக்காரர்கள் சொல்லித் தரும் பாடம்

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் இருந்தவர்களைக் கேட்டால் தண்ணீரைப் பற்றிச் சொல்வார்கள். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்வார்கள்: "போன்ல சிக்னலே இல்ல." 2015 வெள்ளத்திலும் இதே கதை. 2016 வர்தா புயலிலும் இதே கதை. கையில் ஸ்மார்ட்போன் இருக்கும், சார்ஜ்கூட கொஞ்சம் இருக்கும். ஆனால் பக்கத்துத் தெருவில் இருக்கும் அம்மாவிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்ல வழி இருக்காது.

இந்தக் கதைக்கும் மீன் பிடிக்கும் தூண்டில் கம்புக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் பல வருஷங்களாகத் தூண்டில் கம்பில் ஆன்டெனா கட்டி உலகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் பேரிடர் நேரத் தொலைத்தொடர்பைப் பற்றி அந்தக் கம்பு சொல்லும் விஷயத்தை, புயல் பாதையில் வாழும் நாம்தான் முதலில் காதில் வாங்க வேண்டும்.

முதலில், ஹாம் ரேடியோ என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், தேர்வு எழுதி, அரசிடம் உரிமம் வாங்கி, சொந்தமாக ஒரு வானொலி நிலையம் வைத்துப் பேசும் பொழுதுபோக்கு. பாட்டு ஒலிபரப்ப முடியாது, வியாபாரம் பேச முடியாது. ஒருவரோடு ஒருவர் பேசலாம், தொழில்நுட்பத்தைப் பரிசோதிக்கலாம். இந்தியாவில் இதற்கான உரிமத்தைத் தருவது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய அழைப்புக் குறி வியு2ஆர்ஜி.

செல்போனுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் ஒன்றுதான். செல்போன் பேச நடுவில் டவர் வேண்டும், அந்த டவருக்குக் கரண்ட் வேண்டும், டவரை மற்ற இடங்களோடு இணைக்கும் ஃபைபர் கேபிள் அறுபடாமல் இருக்க வேண்டும். இதில் ஒன்று போனாலும் உங்கள் போன் வெறும் டார்ச் லைட்தான். ஹாம் ரேடியோவில் நடுவில் யாரும் இல்லை. இந்தப் பக்கம் ஒரு பெட்டி, ஒரு பேட்டரி, ஒரு கம்பி. அந்தப் பக்கமும் அதேதான்.

எல்லாம் பைக்குள் அடங்கும், உயரத்தைத் தவிர

இன்றைய ஹாம் ரேடியோ பெட்டிகளில் பல, ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். ஆன்டெனா என்பது பெரும்பாலும் சாதாரணச் செம்புக் கம்பி. சுருட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். ஆக, நிலையம் மொத்தமும் முதுகில் மாட்டும் பைக்குள் வந்துவிடும்.

பைக்குள் வராதது ஒன்றே ஒன்று. உயரம்.

ஆன்டெனா தரையில் கிடந்தால் அது அனுப்பும் சக்தியில் பெரும்பகுதியை மண்ணே விழுங்கிவிடும். உயரத்தில் தூக்கிக் கட்டினால் அதே பெட்டி, அதே பேட்டரி, பல மடங்கு தூரம் பேசும். நேர்கோட்டில் செல்லும் வி.ஹெச்.எஃப். அலைவரிசையை எடுத்துக்கொள்வோம். சமதளமான நிலத்தில் இரண்டு பேர் கையில் வாக்கி டாக்கி வைத்துக்கொண்டு, ஆன்டெனா தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், பூமியின் வளைவு அனுமதிக்கும் தூரம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இருவருமே ஆன்டெனாவை 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் அது 26 கிலோமீட்டர் ஆகிவிடும். மரமும் கட்டடமும் நடுவில் வந்தால் நடைமுறையில் இரண்டு கணக்குமே குறையும். ஆனாலும் உயரம் தரும் லாபம் அப்படியே இருக்கும். பெட்டியில் ஒரு ஸ்க்ரூகூட மாற்றவில்லை, உயரம் மட்டும்தான் மாறியது.

அந்த உயரத்துக்கு வழக்கமான வழி இரும்பு டவர், அல்லது மரம். டவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போக முடியாது. மரம் நாம் நினைக்கும் இடத்தில் இருக்காது. புயல் அடித்த ஊரில் மரமே இருக்காது.

அப்போதுதான் தூண்டில் கம்பு வந்தது

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியலை இழுத்து நீட்டியது பலருக்கு நினைவிருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருக்கும் குழாய்களை இழுத்தால் நீளும், தள்ளினால் மடங்கும். தூண்டில் கம்பிலும் அதே வித்தைதான். ஐரோப்பாவில் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து ரீல் இல்லாமல் நீளக் கம்பால் மீன் பிடிக்கும் பழக்கம் உண்டு. ஜப்பானில் ஆற்றில் ஆயு மீன் பிடிக்க 9 மீட்டர் நீளக் கம்புகள் சாதாரணம். ஆஸ்திரேலியாவில் ஹாம்கள் இதை 'ஸ்க்விட் போல்', அதாவது கணவாய்க் கம்பு என்றே செல்லமாக அழைக்கிறார்கள்.

மீனவருக்கு என்ன தேவை? கம்பு நீளமாக இருக்கணும், கை வலிக்காத அளவுக்கு லேசாக இருக்கணும், வீட்டுக்குத் திரும்பும்போது பையில் மடங்கணும். ஹாமுக்குத் தேவையும் அச்சு அசலாக இதேதான். சுமார் 7 முதல் 10 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் கிளாஸ் கம்பு, மடித்தால் ஒரு மீட்டர் சொச்சம்தான் இருக்கும். ஒரு கையால் தூக்கலாம். பிறகு ஜெர்மனியின் ஸ்பைடர்பீம் போன்ற நிறுவனங்கள் ஆன்டெனாவுக்கென்றே 12 மீட்டர் கம்புகளைச் செய்து விற்க ஆரம்பித்தன. அவற்றுக்கும் மூதாதை மீன்காரரின் தூண்டில்தான்.

2002-ல் பிரிட்டனில் 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்ற திட்டம் தொடங்கியது. மலை உச்சிக்கு ஏறி அங்கிருந்து ஹாம் ரேடியோவில் பேசினால் புள்ளிகள் கிடைக்கும். விதி கறாரானது: நிலையத்தை நீங்களே சுமந்து செல்ல வேண்டும், வாகனத்தின் கரண்டைப் பயன்படுத்தக் கூடாது. மலை உச்சியில் மரமும் இருக்காது, கம்பமும் இருக்காது. அங்கே தூண்டில் கம்பு கிட்டத்தட்ட அடையாளச் சின்னமே ஆகிவிட்டது.

10 மீட்டருக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

இதில் ஒரு அழகான தற்செயல் இருக்கிறது. ஹாம்கள் அதிகம் புழங்கும் அலைவரிசைகளில் ஒன்று 7 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் சுமார் 40 மீட்டர். நேராக நிற்கும் கால் அலை ஆன்டெனாவுக்குத் தேவையான கம்பியின் நீளம் ஏறத்தாழ 10 மீட்டர். அதாவது ஒரு நீளமான தூண்டில் கம்பின் அளவு! கம்பியைக் கம்போடு சேர்த்துக் கட்டி, கீழே தரையில் சில கம்பிகளை விரித்துவிட்டால், முழு அளவு ஆன்டெனா தயார்.

இன்னொரு முறையும் உண்டு. கம்பின் உச்சியில் கம்பியின் நடுப்பகுதியைக் கட்டி, இரண்டு பக்கமும் சுமார் 10 மீட்டர் நீளத்தில் கூடாரம் மாதிரிச் சரித்து இறக்குவது. பேரிடர் நேரத்துக்கு இதுதான் பொருத்தமானது. காரணம் சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். இந்த அலைவரிசைக்கு 7, 8 மீட்டர் என்பது உண்மையில் குறைவான உயரம். வெளிநாட்டோடு பேச ஆசைப்படுகிறவர்களுக்கு அது குறைதான். ஆனால் உயரம் குறையும்போது அலை அடிவானத்தை நோக்கிப் போகாமல் பெரும்பாலும் நேர் மேலே போகிறது. அங்கே அயனி மண்டலத்தில் பட்டு மழை மாதிரிக் கீழே இறங்குகிறது. சுற்றிலும் சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்கு, நடுவில் இடைவெளி விடாமல், சிக்னல் கிடைக்கும்.

வேதாரண்யத்தில் புயல் என்றால் அவசரமாகப் பேச வேண்டிய ஊர் லண்டன் இல்லையே. தஞ்சாவூரும் திருச்சியும் சென்னையும்தான். அந்தத் தூரத்துக்குத் தூண்டில் கம்பின் குறையான உயரமே சரியான உயரம். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ், இரவில் தேவைப்பட்டால் இன்னும் குறைந்த அலைவரிசை என்று மாற்றிக்கொண்டால் போதும்.

நிற்க வைப்பது எப்படி?

கம்பை வாங்கி நீட்டினால் மட்டும் ஆன்டெனா ஆகிவிடாது. அனுபவம் உள்ளவர்கள் சில விஷயங்களில் கறாராக இருப்பார்கள்.

● உச்சியில் இருக்கும் ஒன்றிரண்டு துண்டுகள் பென்சிலைவிட மெல்லியவை. கம்பியின் எடைக்கே வில்லாக வளையும். அவற்றைக் கழற்றிவிட்டு மீதியைப் பயன்படுத்துவது நல்லது.

● துண்டுகள் ஒன்றோடொன்று இறுக்கத்தால் மட்டுமே நிற்கின்றன. காற்றில் ஆடி ஆடி மொத்தமாகச் சரிந்துவிடும். இணைப்புகளில் இன்சுலேஷன் டேப் சுற்றுவார்கள், அல்லது ஹோஸ் பைப்புக்குப் போடும் கிளாம்ப் மாட்டுவார்கள்.

● அடிப்பகுதியை வேலிக்கம்பத்திலோ மாடியின் கைப்பிடிச் சுவரிலோ கட்டலாம். கார் டயருக்கு அடியில் ஒரு இரும்புத் தகட்டை வைத்து, அதில் பற்றவைத்த குழாயில் கம்பைச் செருகுகிறவர்களும் உண்டு. எதுவும் இல்லாத வெட்டவெளியில் மூன்று பக்கமும் நைலான் கயிறு இழுத்துக் கட்ட வேண்டும்.

● தடிமனான கேபிளை உச்சியில் தொங்கவிடக் கூடாது. மெல்லிய கேபிள், இல்லையென்றால் ஒரு முனையில் மட்டும் இணைக்கும் கம்பி. கம்பு தாங்குவது கம்பியை மட்டும்தான், கேபிளை அல்ல.

பழகிய இரண்டு பேர் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் இதெல்லாம் முடிந்துவிடும்.

மூன்று எச்சரிக்கைகள்

கடையில் கிடைக்கும் தூண்டில் கம்புகள் எல்லாம் ஒன்றல்ல. விலை கூடிய, எடை குறைந்த கம்புகளில் பல கார்பன் ஃபைபரால் ஆனவை. மீன் பிடிக்க அது உசத்தி. ஆன்டெனாவுக்கு அது ஆகாது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், பக்கத்தில் இருக்கும் கம்பியின் கணக்கையே குழப்பிவிடும். வாங்க வேண்டியது ஃபைபர் கிளாஸ்தான்.

இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. 10 மீட்டர் கம்பு என்றால் 33 அடி. நம் தெருக்களில் தலைக்கு மேல் போகும் மின்கம்பி அதற்குக் கீழேயே இருக்கும். கார்பன் தூண்டில் கம்பு மின்கம்பியில் பட்டு உயிரிழந்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு. ஃபைபர் கிளாஸ் என்றாலும், அதில் கட்டியிருப்பது செம்புக் கம்பி. கம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில்தான் நிறுத்த வேண்டும். இதில் 'பாத்துக்கலாம்' என்பதே கிடையாது.

மூன்றாவது, இடி. தூரத்தில் உறுமல் கேட்டாலே கம்பை இறக்கிவிட வேண்டும். இறக்குவதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும். அதுதான் இந்தக் கம்பின் பெரிய சௌகரியமே.

"சாட்டிலைட் இருக்கும்போது இது எதுக்கு?"

நியாயமான கேள்வி. சாட்டிலைட் போன் இருக்கிறது, சாட்டிலைட் இணையம் பரவிக்கொண்டிருக்கிறது, போலீஸிடம் வயர்லெஸ் இருக்கிறது. அவற்றை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அவைதான் சரி. ஆனால் இந்தியாவில் சாட்டிலைட் போனை அனுமதி இல்லாமல் யாரும் வைத்துக்கொள்ள முடியாது. கடைக்கோடிக் கிராமத்துக்கு அது எப்போது வந்து சேரும்?

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. ஹாம் ரேடியோவால் ஒரு நகரத்தின் தொலைத்தொடர்பைத் திருப்பித் தர முடியுமா? முடியாது. வாட்ஸ்அப் வராது, வீடியோ கால் வராது. ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இதை மறைத்து ஹாம் ரேடியோவை மந்திரக்கோல் மாதிரிக் காட்டுகிறவர்கள் அதற்குக் கெடுதல்தான் செய்கிறார்கள்.

ஆனால் எல்லாம் அறுந்துபோன முதல் சில மணி நேரத்தில் ஊருக்குத் தேவைப்படுவது வீடியோ கால் இல்லை. 'இங்கே இத்தனை பேர் இருக்கிறோம், இந்தப் பாலம் உடைந்திருக்கிறது, இன்சுலின் வேண்டும்' என்ற மூன்று வரிதான். அந்த மூன்று வரிக்கு ஒரு கம்பியும் ஒரு பேட்டரியும் போதும்.

இது கற்பனை இல்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு, நீண்ட காலத்துக்குப் பிறகு கிடைத்த அனுமதியோடு போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதுதான் திட்டம். 26-ம் தேதி சுனாமி வந்தது. பொழுதுபோக்கை அப்படியே நிறுத்திவிட்டு, அதே கருவிகளை வைத்துத் தீவுகளுக்கும் இந்திய நிலப்பரப்புக்கும் இடையே செய்தி கடத்தும் வேலையில் அவர்கள் இறங்கினார்கள். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது அங்கிருந்த செல்போன் டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் செயலிழந்தன. அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் அப்போது உதவிக்கு அழைத்தவர்களில் ஹாம்களும் உண்டு.

இரண்டு இடத்திலும் வேலைக்கு வந்தவர்கள் அன்றைக்குப் புதிதாகக் கற்றுக்கொண்டவர்கள் அல்ல. வார இறுதியில் விளையாட்டாகப் பழகியவர்கள். அமெரிக்காவில் 1933-ல் தொடங்கி, ஜூன் மாதம் 'ஃபீல்ட் டே' என்று ஒரு வார இறுதியை ஹாம்கள் கொண்டாடுகிறார்கள். பூங்காவிலும் மைதானத்திலும் கூடாரம் போட்டு, தற்காலிக ஆன்டெனா ஏற்றி, வீட்டுக் கரண்ட்டை நம்பாமல் பேசிப் பார்ப்பார்கள். பக்கத்தில் குழந்தைகள் ஓடி விளையாடும். பார்த்தால் பிக்னிக்தான். ஆனால் அந்தப் பிக்னிக்குக்கு இன்னொரு பெயர் ஒத்திகை.

நிற்கும் டவரும், படுத்திருக்கும் கம்பும்

தூண்டில் கம்பைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது, "இது புயல்ல நிக்குமா?" என்றுதான். நிற்காது. நிற்கவும் வேண்டாம்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டாவில் நின்றுகொண்டிருந்த மின்கம்பங்கள் கொத்துக்கொத்தாகச் சாய்ந்தன. இரும்பும் கான்கிரீட்டும் சாய்ந்தன. எது நிமிர்ந்து நிற்கிறதோ அதைத்தான் காற்று குறிவைக்கும். தூண்டில் கம்பு அந்த இரவைப் பீரோவுக்கு அடியில் படுத்தே கழித்துவிடும். விடிந்து காற்று அடங்கிய பிறகுதான் அதற்கு வேலை. விழாமல் நிற்பது ஒரு பலம் என்றால், விழுந்ததெல்லாம் விழுந்த பிறகு எழுந்து நிற்பது இன்னொரு பலம். நம் பேரிடர்த் திட்டங்கள் முதல் பலத்துக்குக் கோடிகளில் செலவு செய்கின்றன. இரண்டாவது பலத்துக்கும் ஒரு சின்னப் பங்கு ஒதுக்கினால் என்ன?

கடலோரத்தில் இருக்கும் ஒவ்வொரு புயல் பாதுகாப்பு மையத்திலும் மூன்று ஃபைபர் கிளாஸ் கம்பு, இரண்டு சுருள் செம்புக் கம்பி, ஒரு ரேடியோ, ஒரு சோலார் பேனலோடு பேட்டரி. இதற்கு ஆகும் செலவு ஒரு டவரின் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் கருவியை வாங்கிப் பூட்டி வைத்தால் அது அடுத்த புயலுக்குள் துருப்பிடித்த சாவியோடு சேர்ந்து தொலைந்துவிடும். ஆட்கள்தான் முக்கியம். கடலோர மாவட்டங்களின் பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், என்.எஸ்.எஸ். அணிகள் ஆகியவற்றில் உரிமம் பெற்ற சிலர் இருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைதானத்தில் கம்பை நட்டுப் பக்கத்து மாவட்டத்தோடு பேசிப் பார்க்க வேண்டும். பேரிடர் உதவிக்குத் தயாராக ஹாம்களை அனுமதிக்கும்படி சர்வதேச வானொலி விதிகளே அரசுகளை ஊக்குவிக்கின்றன. நம் ஊரில் குறைவது அனுமதி அல்ல, பழக்கம்.

அரசு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பகுதியும் இதில் உண்டு. ஐ.டி. வேலையில் இருக்கும் பலருக்கு எலெக்ட்ரானிக்ஸ் படித்த ஞாபகம் இன்னும் மிச்சம் இருக்கும். அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் நிரந்தர ஆன்டெனா என்றால் அசோசியேஷன் மீட்டிங்கில் சண்டைதான். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் நின்று, பதினொரு மணிக்கு லிஃப்டில் இறங்கிப் போகும் கம்பைப் பற்றி யாரும் மனு கொடுக்க மாட்டார்கள். தேர்வு எழுதி உரிமம் வாங்குங்கள். நகரத்து ஹாம் கிளப் ஒன்றில் சேருங்கள். கேட்டுப் பழகி, பிறகு பேசிப் பழகுங்கள்.

அடுத்த புயலின் பெயர் இன்னும் நமக்குத் தெரியாது. ஆனால் டிசம்பர் வரும், காற்று அடிக்கும், ஏதோ ஒரு ராத்திரி போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக மறையும். மறுநாள் காலை அந்தத் தெருவில் ஒரே ஒரு மொட்டை மாடியிலாவது ஒரு தூண்டில் கம்பு எழுந்து நிற்க வேண்டும். அதற்கான வேலையை வெயில் அடிக்கும் இந்த வாரத்திலேயே ஆரம்பித்துவிடலாம்.